லைலாவின் பின்பாதி யாருடையது?

ராக் இசை என்றாலே கிதார்தான் என்று எழுதிப் பழகிவிட்ட விமர்சகர்களோடு நமக்கு நெடுநாளையப் பிணக்கு உண்டு. அது ஒருபுறம் இருக்கட்டும். இங்கே நாம் மறுக்க முனைவது, அதைவிட நாகரிகமாகச் சொல்லப்பட்டுவரும் வேறொரு கூற்றை. பாடல் என்பது சொல்லும் மெட்டும் மட்டுமே. பியானோ வாசித்தவர் கூலி பெற்றுக்கொண்டு போனவர். படைப்பில் அவருக்குப் பங்கில்லை என்பதே அக்கூற்று.

டெரிக் அண்ட் த டாமினோஸ் குழு 1970இல் மயாமியில் பதிவு செய்த 'லைலா'வை எடுத்துக்கொள்வோம். ஏழு நிமிடப் பாடல். முதல் மூன்று நிமிடங்கள் எரிக் கிளாப்டனின் கதறலும் கிதார்களின் பாய்ச்சலும். பின் எல்லாம் அடங்கி, பியானோ தொடங்குகிறது. ஏறத்தாழ நான்கு நிமிடங்களுக்குச் சொல் ஒன்றுகூட இல்லை. மார்ட்டின் ஸ்கோர்செஸி 'குட்ஃபெல்லாஸ்' (1990) படத்தில், கொல்லப்பட்டவர்களின் சடலங்கள் ஒவ்வொன்றாகக் கண்டெடுக்கப்படும் காட்சிக்கு எடுத்தாண்டது இந்தப் பின்பாதியைத்தான். அங்கே சொல்லும் இல்லை, பாடகரும் இல்லை. ஆயினும் அது 'லைலா' என்பதில் எவருக்கும் குழப்பமில்லை.

பாடலை ஆக்கியோர் என இரண்டு பெயர்கள் உள்ளன: கிளாப்டன், டிரம்ஸ் கலைஞர் ஜிம் கார்டன். கார்டனின் பெயர் சேர்ந்தது இப்பின்பாதியின் பொருட்டே. அந்நாளில் கார்டனின் காதலியாக இருந்த பாடகி ரீட்டா கூலிட்ஜ், 2016இல் வெளிவந்த தன்வரலாற்றில் வேறு கதை சொல்கிறார். அந்த மெட்டு தாங்கள் இருவரும் சேர்ந்து இயற்றிய 'டைம்' என்ற பாடலுக்குரியது என்கிறார். அதைக் கிளாப்டனுக்கு வாசித்துக்காட்டி ஒலிநாடாவையும் விட்டுவந்ததாகவும், பின்னர் ஒலிபெருக்கியில் 'லைலா'வைக் கேட்டுத் திடுக்கிட்டதாகவும், முறையிட்டபோது கிளாப்டன் தரப்பு அலட்சியமாகத் தட்டிக்கழித்ததாகவும் எழுதுகிறார். குழுவின் விசைப்பலகைக் கலைஞர் பாபி விட்லாக்கும் அம்மெட்டு ரீட்டாவினுடையது என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ரீட்டாவின் தமக்கை பிரிசில்லா, புக்கர் டி. ஜோன்ஸோடு 1973இல் வெளியிட்ட இசைத்தட்டில் 'டைம்' இருக்கிறது. ஐயமுள்ளவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். கேட்டபின் எங்களுக்கு ஐயம் இல்லை.

திருட்டு என்ற சொல்லை நாம் அவசரப்பட்டுப் பயன்படுத்தவில்லை. நமது ஆற்றாமை வேறு. முன்பாதியின் காதல் யாருக்காக எழுதப்பட்டது, அவள் யாருடைய மனைவி என்றெல்லாம் பக்கம் பக்கமாக ஆராய்ந்த இசை வரலாற்றாளர்கள், பின்பாதியை ஆக்கியவர் யார் என்ற கேள்வியை அடிக்குறிப்பில் அடக்கிவிட்டார்களே, அதுதான்.

நிக்கி ஹாப்கின்ஸின் கதையில் திருட்டும் இல்லை. லண்டன் ராயல் அகாடமியில் பயின்று, பதினாறு வயதில் அதை விட்டு வெளியேறியவர் அவர். ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஷீஸ் எ ரெயின்போ' (1967), பீட்டில்ஸின் 'ரெவல்யூஷன்' தனித்தட்டு (1968), ஜான் லெனனின் 'ஜெலஸ் கை' (1971) என எத்தனையோ பதிவுகளில் ஒலிப்பவை அவருடைய விரல்கள். 'ரெயின்போ'வை முணுமுணுக்கும் எவரும் முதலில் முணுமுணுப்பது அந்தப் பியானோவைத்தான். ஆக்கியோர் பெயர்கள் மட்டும் ஜாகர், ரிச்சர்ட்ஸ். பேசிய கூலியைக் கொடுத்துவிட்டார்களே என்பார்கள். கொடுத்தார்கள், மறுக்கவில்லை. கொத்தனாருக்குக் கூலி கொடுத்தபின் வீட்டில் அவருக்கு உரிமை ஏது என்ற வாதம் இது. ஆனால் ஹாப்கின்ஸ் பிறர் வரைந்த படத்தைப் பார்த்துச் செங்கல் அடுக்கியவர் அல்லர். 1994இல் ஐம்பதாம் வயதில் இறந்த அவருக்கு, ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடம் கௌரவம் அளித்தது 2025இல்.

சட்டம் இதற்கு இடம்தராது என்று சொல்வோர், பியானோவின் ஒன்றுவிட்ட சகோதரனான ஆர்கனின் வழக்கைப் பார்க்கட்டும். 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' (1967) பாடலின் ஆர்கன் இசைக்காக மாத்யூ ஃபிஷர் வழக்காடினார். 2006இல் உயர்நீதிமன்றம் இசையில் நாற்பது விழுக்காடு அவருடையது என்றது. 2008இல் மேல்முறையீட்டு மன்றம் இணை ஆசிரியர் என்பதை ஏற்றுப் பணத்தை மறுத்தது. 2009இல் பிரபுக்கள் அவை எதிர்கால வருவாயில் அவருடைய பங்கை மீட்டுத் தந்தது. நாற்பது ஆண்டுகள் வாளாவிருந்தவர் என்ற ஏளனம் அவர்மேல் வீசப்பட்டது. ரீட்டா உடனே கேட்டவர். அவருக்குக் கிடைத்தது என்ன?

இனி இப்பக்கத்தில் நாங்கள் எந்தப் பாடலைப் பற்றி எழுதினாலும், பாடியவர் பெயரை அடுத்துப் பியானோ வாசித்தவர் பெயரும் இருக்கும். 'லைலா'வுக்கு மூன்று பெயர்களை எழுதுவோம்.