கத்தி வைத்தால் மட்டும் போதுமா?

உடம்பு இளைக்க ஆபரேஷன் செய்துகொள்வோர் பெருகிவிட்டார்கள். இரைப்பையில் சுமார் 80 சதவீதத்தை வெட்டி எடுப்பது ஒரு வகை. இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் 'பைபாஸ்' இன்னொரு வகை. எடை குறைகிறது, வாஸ்தவம்தான். பிறகு வரும் வயிற்று அவஸ்தையை எந்த விளம்பரமும் சொல்வதில்லை!

கல்யாண வீட்டில் ஒரே ஒரு ஜாங்கிரி. அரை மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிசையும். படபடப்பு, வியர்வை, பேதி! இனிப்பு மடமடவென்று குடலில் இறங்குவதே காரணம். 'டம்பிங்' என்கிறார்கள் டாக்டர்கள். சிலருக்கு 1 முதல் 3 மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயக்கமே வந்துவிடும். 'பைபாஸ்' செய்தவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

சமாளிக்க வழி உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை, நன்றாக மென்று சாப்பிட வேண்டும். முட்டை, பருப்பு முதலில். தண்ணீர், சாப்பிட்டு அரை மணி கழித்து. வைட்டமின் மாத்திரையை நிறுத்தவே கூடாது. வாந்தி ஓயாவிட்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். வைட்டமின் பி1 குறைந்தால் நரம்பே கெட்டுவிடும்.

இதை ஆபரேஷனுக்கு முன்பே தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன? கையெழுத்து வாங்குவதில் காட்டும் அக்கறையை, விளக்கம் சொல்வதிலும் ஆஸ்பத்திரிகள் காட்டட்டும்!