கிளினிக் நாளும் சம்பள நாளும்



நோயுள்ள பிள்ளையை வளர்க்கும் தாய் வேலைக்குப் போகாவிட்டால், அவளுக்கு விருப்பமில்லை என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. நான் சந்தித்த தாய்மாரில் அநேகர் உழைக்க விரும்புபவர்கள். அவர்களின் வேலையைப் பறிப்பது நாட்கணக்குத்தான்.

பெருமூளை வாதத்தால் கை, கால் இயலாத ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். மாதம் ஒரு கிளினிக் என்றால் ஆண்டுக்கு 12 நாள். கிழமைக்கு ஒரு தடவை இயன்மருத்துவப் பயிற்சி என்றால் 52 நாள். காய்ச்சலும் வலிப்பும் வரும் நாட்கள் வேறு. கடை, காரியாலய ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டம் தருவதோ வருடாந்த லீவு 14 நாளும், திடீர்த் தேவைகளுக்கு 7 நாளும். கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அதுவும் இல்லை. ஆடைத் தொழிற்சாலையிலோ ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய சம்பளத்தோடு மாத வரவுக் கொடுப்பனவிலும் கை வைப்பார்கள்.

முன்பென்றால் அம்மம்மா இருந்தார், சித்தி இருந்தார். வேலிக்கு அப்பால் குரல் கொடுத்தால் ஆள் வரும். போரும் இடப்பெயர்வும் அந்த உறவுகளைச் சிதறடித்துவிட்டன. கணவனை இழந்த வீட்டில் உழைப்பவளும் அவளே, பராமரிப்பவளும் அவளே.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தோருக்கு வேலையில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. அந்தப் பாதுகாப்பு அவர்களைப் பராமரிக்கும் தாய்க்கு இல்லை. ஆகவே நாமாகச் செய்யக்கூடியவற்றைப் பார்ப்போம்.

கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி போடும்போதே, இரண்டு கிளினிக்குகளை ஒரே நாளில் வைக்க முடியுமா என்று தாதியிடம் கேளுங்கள். வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகளைக் காட்டித் தரும்படி இயன்மருத்துவரிடம் கேளுங்கள். கிளினிக் திகதிகளை எழுதி, வேலைத்தலத்தில் முன்கூட்டியே கொடுங்கள். வேலைக்காக மருந்தை மட்டும் இடைநிறுத்த வேண்டாம். வலிப்பு மருந்தைத் திடீரென விட்டால் வலிப்புக் கூடும்.

2023இல் தொடங்கிய அஸ்வெசும திட்டத்தில் வலுவிழந்தோருக்கான கொடுப்பனவும் உண்டு. பிள்ளையின் பெயர் பதியப்பட்டுள்ளதா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தகைய தாய்மார் மூன்று நான்கு பேர் சேர்ந்து முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்க்கலாம். மருந்து நேரம், உணவு, வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பிள்ளையைத் தூக்கும் முறையையும் ஒருவருக்கொருவர் பழக்குங்கள்.

உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், கடன் விடயத்தோடு இதையும் எடுத்துப் பேசுங்கள். கூட்டத்துக்கு வரமுடியாமல் வீட்டில் இருக்கும் தாயிடம் முதலில் போங்கள்.