தொட்டிக்குக் கணக்கு உண்டு, ஆளுக்கு?

ரேஷன் கடை பேரலில் குச்சி விட்டு மண்ணெண்ணெய் அளந்ததைப் பெண்ணாடத்தில் வரிசையில் நின்ற எல்லாரும் பார்த்திருக்கோம். அளக்கிறவன் கையில்தான் கணக்குன்னு நமக்கு அன்னைக்கே தெரியும்.

கல்பாக்கத்தில், எரிந்து முடிந்த அணு எரிபொருளை அமிலத்தில் கரைத்துப் புளூட்டோனியம் பிரிக்கும் ஆலை இருக்கிறது. அந்தத் தொட்டிகளில் குச்சி விட முடியாது. கிட்டே போனாலே ஆபத்து. கனத்த கான்கிரீட் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து குழாயில் காற்றை ஊதுகிறார்கள். அடியில் குமிழி விட எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ, அதை வைத்துத் திரவத்தின் ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். மனிதன் இறங்காமலே தொட்டியை அளக்கும் விஞ்ஞானம். நல்லது.

மனிதனை அளந்தார்களா? 2003 ஜனவரி 21 அன்று அதே ஆலையின் கழிவுத் தொட்டிப் பகுதியில் வால்வு பழுதாகி, கடுங்கதிர்க் கழிவு குறைகதிர்க் கழிவுத் தொட்டிக்குள் புகுந்தது. சாதாரணக் கழிவென்று நம்பி மாதிரி எடுத்த 6 ஊழியர்களைக் கதிர் தாக்கியது. அந்த இடத்தில் கதிர்வீச்சை அளக்கக் கருவியே இல்லை! வருடத்துக்கு 30 மில்லிசீவர்ட் உச்ச வரம்பு. அவர்கள் மேல் பட்டதோ 280க்கும் மேல். ஊருக்குச் சொல்ல ஆறு மாதத்துக்கு மேல் ஆச்சு.

வெள்ளைக்காரன் ஊரில் மட்டும் ஒழுங்கா? இங்கிலாந்தின் செல்லாஃபீல்டில் குழாய் உடைந்து 83,000 லிட்டர் கதிர்த்திரவம் மாதக்கணக்கில் ஒழுகியது. 2005 ஏப்ரலில்தான் கண்டுபிடித்தார்கள். கருவி காட்டியது. பார்க்க வேண்டியவன் பார்க்கவில்லை.

இங்கேயோ, 2000இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆலைகளை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கல்பாக்கம் ஆலையும் அதில் அடக்கம். அளப்பவனும் அவனே, சரிபார்ப்பவனும் அவனே. எவன் கேப்பான்?

நாம கேப்போம். ஏன்னா தொட்டின்னா என்னன்னு நமக்குத் தெரியும். சுவருக்கு வெளியே நின்று அணுத்தொட்டியை அளக்கத் தெரிந்த நாட்டில்தான், விஷக்காற்று இருக்கான்னுகூட அளக்காமல் மலத்தொட்டியில் நம்ம ஆளை இறக்குகிறார்கள். 1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒரு சட்டம். 2023இல் உச்ச நீதிமன்றம் சாவுக்கு இழப்பீட்டை 30 லட்சமாக்கியது. செத்த பிறகுதான் நமக்குக் கணக்கு எழுதுவார்களா?

ஒப்பந்தத் தொழிலாளி உட்பட ஒவ்வொருவர் உடம்பில் ஏறிய கதிரளவும் அவர் கையில், தமிழில் தரப்பட வேண்டும். ஆலைக்குச் சம்பந்தமில்லாதவர் சரிபார்க்க வேண்டும். தொட்டியின் அளவு ரகசியம் என்பாய். எங்க உயிரின் அளவுமா ரகசியம்?