வாத்தியார் வீழ்ந்தது ஏன்?

பெரு நாட்டுச் சேதி யானைக்கவுனிக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். மூட்டை சுமந்து, கைவண்டி இழுத்து, மாலையில் டீக்கடையில் பத்திரிகை பிரிக்கும் தோழருக்குத்தான் அந்தச் சேதி முதலில் தெரிய வேண்டும் என்கிறோம் நாம். ஏனெனில் அது, 'நம்மவன்' ஒருவன் அரியணை ஏறிய கதை. ஏறியவன் இறங்கிய கதை!

பெட்ரோ காஸ்டிலோ, எழுதப் படிக்கத் தெரியாத உழவர் பெற்ற ஒன்பது பிள்ளைகளில் ஒருவர். கஹமார்க்கா மலைநாட்டில் பூன்யா என்னும் சிற்றூரில் பள்ளி வாத்தியார். 2017-இல் ஆசிரியர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியபோதுதான் நாடு அவர் பெயரைக் கேட்டது. 2021-இல் வைக்கோல் தொப்பி அணிந்து, பென்சில் சின்னத்தில் நின்றார். 'செல்வ நாட்டில் இனி ஏழை இல்லை' என்றார். செம்பு வெட்டி எடுத்து உலகுக்கு அனுப்பும் நாட்டில், வெட்டுபவன் வயிறு காய்வதைக் கண்ட மக்கள் நம்பினர். லிமா நகரத்துச் சீமான்கள் எள்ளி நகையாடினர். எதிர்த்து நின்றவரோ முன்னாள் அதிபரின் மகள் கெய்கோ புஜிமோரி! வாத்தியார் வென்றார், வித்தியாசம் 44,263 வாக்குகள்.

வென்றவரை வாழவிட்டார்களா? தேர்தலே மோசடி என்றார்கள். 130 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் அவருக்குப் பெரும்பான்மை இல்லை. 'ஒழுக்கத் தகுதி இல்லை' என்று தீர்மானம் போட்டு அதிபரை விரட்டலாம் என்பது அங்குள்ள சட்டம். 87 வாக்குகள் வேண்டும். 2022 மார்ச்சில் 55தான் கிடைத்தன. ஆதிக்கக்காரர்களின் ஆத்திரம் நமக்குப் புரிகிறது.

ஆனால் குற்றம் முழுவதும் அவர்கள் மீதுதானா? இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒன்றரை ஆண்டு முடியுமுன் ஐந்து பிரதமர்கள்! ஊழல் விசாரணைகள் வாசலுக்கு வந்தன. அழைத்து வந்த கட்சியோடும் பிணக்கு. 2022 ஜூனில் அதைவிட்டு விலகினார். தோளோடு தோள் நிற்க ஓர் அமைப்பு இல்லை; தனிமரமானார்.

2022 டிசம்பர் 7. மூன்றாவது தீர்மானம் வர இருந்த நாள். வாத்தியார் தொலைக்காட்சியில் தோன்றி, நாடாளுமன்றத்தைக் கலைக்கிறேன் என்றார். 1992-இல் கெய்கோவின் தந்தை ஆல்பர்டோ புஜிமோரி இராணுவத்தை வைத்துக்கொண்டு செய்த அதே காரியம்! யாரை வீழ்த்த மக்கள் வாக்களித்தார்களோ, அவர்கள் வழியையே கையில் எடுத்தார். இராணுவம் வரவில்லை. 55-ஐத் தாண்டாத எதிரிகளுக்கு அன்று 101 வாக்குகள்! எதிரி தேடிய வாளைத் தானே தீட்டித் தந்தார். அன்றே கைது. 2025 நவம்பரில் பதினோரு ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை.

அவருக்காகத் தெருவுக்கு வந்த ஏழைகள் என்ன குற்றம் செய்தனர்? அயகுச்சோவிலும் ஹுலியாகாவிலும் துப்பாக்கிகள் வெடித்தன. அந்தக் கிளர்ச்சியில் ஏறத்தாழ ஐம்பது உயிர்கள் போயின. தலைவர் தவறினால் தண்டனை தொண்டனுக்கும் உண்டு. ஆனால் சுட்டவர்களை அந்தத் தவறு நியாயப்படுத்தாது, ஒருக்காலும் நியாயப்படுத்தாது!

வாத்தியார் தொழிலாளியோடு சேர்வது நமக்குப் புதிதல்ல. பாடம் சொல்லித் தந்த திரு.வி.க.தான் 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரோடு நின்று சென்னைத் தொழிலாளர் சங்கம் எழத் துணை புரிந்தார். அவரும், வாடியாவும், மற்றோரும் நமக்கு விட்டுச் சென்றது ஒரு தொப்பியையோ சின்னத்தையோ அல்ல. சந்தா, கூட்டம், கணக்கு, கேள்வி கேட்கும் உரிமை — இவை அடங்கிய சங்கத்தை!

ஏழை வீட்டில் பிறந்தது ஒருவரை மேடைவரை கொண்டு செல்லும். அங்கே நிற்க வைப்பது அமைப்பும் நேர்மையுமே. நம்மவர் பதவிக்கு வரட்டும், வாழ்த்துவோம். வந்தபின் கணக்குக் கேட்போம். கேட்பது துரோகம் அல்ல தோழர்களே; கேட்காமல் இருப்பதுதான் துரோகம்!