பதிவு பறக்கிறது, பிழையும் கூடவே பறக்கிறது

பினாங்குத் தீவிலிருந்து பட்டர்வொர்த்துக்குக் குடிபெயரும் குடும்பத்தின் பிள்ளை பள்ளி மாறினால், முன்பு அவரைப் பற்றிய பதிவுகள் தாள் கோப்பாகச் சென்றன. இப்போது கல்வி அமைச்சின் இணையத்தளம் வழியாக அவை கணினியிலேயே புதிய பள்ளிக்குப் போகின்றன. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் மாணவர்களே, வேகமாகப் போவது வேறு, சரியாகப் போவது வேறு. தவறான விவரமும் அதே வேகத்தில்தான் போகும். ஆகவே, அனுப்பும் முன் அந்தப் பதிவை மாணவரிடமே காட்டிச் சரிபார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

காரணத்தைப் பார்ப்போம். உங்களை அடையாளம் காணக் கணினி பெயரை மட்டும் நம்ப முடியாது. கீதா என்ற பெயரை ரோமன் எழுத்தில் ஒரு வீட்டில் இரண்டு ‘இ’ போட்டு எழுதுவார்கள். இன்னொரு வீட்டில் ஒரே ‘ஐ’. ‘தா’வுக்கு ‘எச்’ சேர்ப்பவரும் உண்டு, சேர்க்காதவரும் உண்டு. அதனால் 12 இலக்க அடையாள எண்தான் சாவி. முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த இடம், பினாங்குக்கு 07. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. ஒரே நாளில் பினாங்கில் பிறந்த இருவருக்கு முதல் 8 இலக்கங்களும் ஒன்றாகவே இருக்கலாம்.

மாதத்தை 13 என்று தட்டினால் கணினி உடனே மறுத்துவிடலாம். கடைசி நான்கில் ஓர் இலக்கம் தவறினால்? எண்ணை மட்டும் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். ஏனெனில் அதில் சரிபார்ப்பு இலக்கம் இல்லை.

சரிபார்ப்பு இலக்கம் என்றால் என்ன? ஒரு புத்தகத்தின் பின் அட்டையில் உள்ள 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணை எடுங்கள். இலக்கங்களை 1, 3, 1, 3 என மாறி மாறிப் பெருக்கிக் கூட்டுங்கள். மொத்தம் 10ஆல் மீதியின்றி வகுபடும். ஓர் இலக்கத்தை மாற்றிப் பாருங்கள், வகுபடாது. சிங்கப்பூர் அடையாள எண்ணின் கடைசி எழுத்துக்கும் இதே வேலைதான்.

எண் சரியாக இருந்தாலும் முகவரி, பெற்றோரின் தொலைபேசி எண், ஒவ்வாமை பற்றிய குறிப்பு போன்றவற்றை எந்தக் கணக்கும் சரிபார்க்காது. அவை சரியா என்று சொல்லக்கூடியவர்கள் நீங்களும் உங்கள் பெற்றோரும்தான்.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலைப்பளு அதிகம் என்பார்கள். ஆசிரியராக எனக்கும் அது தெரியும். ஆனால் ஒரு பக்கத்தை அச்சிட்டு, மாணவரும் பெற்றோரும் படித்துக் கையொப்பமிடச் சில நிமிடங்கள் போதும். அதே பிழையை எஸ்.பி.எம். தேர்வுக்குப் பதியும்போது கண்டுபிடித்துத் திருத்த அலைவது அதைவிடப் பெரிய வேலை. அந்தச் சான்றிதழில் அச்சாகும் பெயரும் எண்ணும் மேற்படிப்புக்கும் வேலைக்கும் உங்களோடு வரும்.

பள்ளி மாறாதவர்களும் சும்மா இருக்க வேண்டாம். வகுப்பாசிரியரிடம் கேட்டு, உங்கள் பதிவைப் பிறப்புப் பத்திரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே சொல்லுங்கள்.