நஞ்சுண்டவனின் ஏரியும் நமது அவசரமும்

ஆலகால நஞ்சையுண்ட சிவன், கண்டத்தின் வெம்மை தணிய மலையைச் சூலத்தாற் பிளந்தார். அங்கு பெருகிய நீரே கோசாயின்குண்டம் என்பது நேபாள மக்களின் நம்பிக்கை. காத்மண்டுவுக்கு வடக்கே 4,380 மீற்றர் உயரத்திலுள்ளது இந்த ஏரி. நம்மவர் ஆவணி அவிட்டத்தில் பூணூல் மாற்றும் அதே பௌர்ணமியில் ஆயிரக்கணக்கானோர் அங்கு நீராடுகின்றனர். ஜாக்ரி எனப்படும், நோய் தீர்க்கும் பூசாரிகள் பறை முழக்கியபடி மலையேறுகின்றனர்.

ஆயினும், நலம் நாடி வந்தவர்களே அங்கு நோயுறுவதுண்டு. 2000ஆம் ஆண்டில் வெளியான மருத்துவ ஆய்வொன்றில், பரிசோதிக்கப்பட்ட யாத்திரிகர்களுள் மூன்றில் இரு பங்கினருக்கு மலைநோய் காணப்பட்டது. சிலருக்கு மூளையே வீங்கியிருந்தது.

காரணம் தெய்வ கோபமன்று, வேகம். சுமார் 2,000 மீற்றர் உயரத்திலுள்ள துஞ்சேவரை பேருந்தில் வந்து, இரண்டே நாட்களில் ஏரியை அடைகின்றனர். குறைந்த பிராணவாயுவுக்கு உடல் பழக அவகாசமில்லை. தலைவலியும் தள்ளாட்டமும் கண்டால் உடனே கீழிறங்குவதே முதல் மருந்து. அதைப் பக்திக் குறைவென்று கருதுவோர் உயிரைப் பணயம் வைக்கின்றனர்.

நமது கோயில் யாத்திரைகளைப் பற்றி எழுதிவரும் எனக்கு இந்த மனப்பான்மை புதிதன்று. உடலை வருத்துவதே பக்தி என்று எண்ணுகிறோம். நேபாள மரபு அதனினும் கருணை மிக்கது. மலையேற இயலாதோர் பாட்டன் நகரின் கும்பேஸ்வரர் ஆலயக் குளத்தில் நீராடலாம்; ஏரி நீர் நிலத்தடியாக அங்கு வருகிறதென்பது ஐதீகம்.

இயலாதவனைத் தேடி நீரே இறங்கி வருமென்று முன்னோர் நம்பினர். நாம் மட்டும் ஏன் இறங்கத் தயங்க வேண்டும்?