பூட்டில்லாத ஸ்விட்ச்

படுக்கையில் இருந்தபடியே மேஜை விளக்கை அணைக்க ரிமோட் பிளக் போதும். சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டில் அதைச் செருகி, விளக்கின் ஒயரை அதில் செருகிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் மாலை ஆறுக்கு எரிந்து இரவு பத்துக்கு அணைய வேண்டுமென்றால், ரிமோட்டை அழுத்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் வேலையைத்தான் எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்கள் மைக்ரோகன்ட்ரோலரிடம் ஒப்படைக்கிறார்கள்.

இத்தாலியில் 2005இல் பிறந்த ஆர்டுயினோ போன்ற சர்க்யூட் போர்டு இதற்குத் தாராளம். முதலில் ஒரு ரேடியோ ரிசீவரை அதனுடன் இணைத்து, ரிமோட்டின் பொத்தானை அழுத்த வேண்டும். நெட்டையும் குட்டையுமான துடிப்புகளாக, பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில், ரிமோட் தன் ரகசியத்தைச் சொல்லிவிடும். அதையே சுமார் 17 செ.மீ. கம்பியை ஆன்டெனாவாகக் கொண்ட டிரான்ஸ்மிட்டர் திருப்பிச் சொன்னால் பிளக்குக்கு வித்தியாசம் தெரியாது. 230 வோல்ட் மின்சாரம் பிளக்கின் மூடிய கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. செய்பவரின் கை படுவது 5 வோல்ட்டில் மட்டுமே.

சங்கடமும் இந்தச் சுலபத்தில்தான் இருக்கிறது. கார் ரிமோட்டுகள் பலவற்றில் சங்கேதம் ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாறும். மலிவான பிளக்குகளில் மாறுவதே இல்லை. ஐந்து குட்டி ஸ்விட்சுகளால் வீட்டு எண்ணை அமைக்கும் மாடல்களில் மொத்தமே 32 எண்கள்தான். அடுக்குமாடியில் இரண்டு வீடுகளுக்கு ஒரே எண் அமைந்தால், இங்கே அழுத்த அங்கே எரியும். ஒட்டுக்கேட்க நினைக்கும் அந்நியருக்கும் இதே போர்டு போதும்.

இன்னொரு குறை, பேச்சு ஒருவழி. 'ஆகட்டும்' என்று பிளக் பதில் சொல்வதில்லை. அதனால்தான் புரோகிராம் ஒவ்வொரு கட்டளையையும் பல முறை அனுப்புகிறது. அத்தனையும் தவறினால், அணைத்துவிட்டதாக மைக்ரோகன்ட்ரோலர் கணக்கு வைத்திருக்கும். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

விளக்கு விடியவிடிய எரிந்தால் நஷ்டம் மின்கட்டணத்தோடு போகும். இஸ்திரிப் பெட்டியோ ஹீட்டரோ ஆளில்லாத வீட்டில் சூடேறினால் தீயில் முடியலாம். போதாததற்கு, இவை இழுக்கும் மின்சாரத்தைச் சின்ன பிளக்கின் ரிலே தாங்குமா என்ற கேள்வி வேறு. பிளக்கின் மேல் அச்சிட்டிருக்கும் ஆம்பியர் அளவைப் பார்க்காமல் எதையும் மாட்டக்கூடாது.

விளக்கு, ரேடியோ, மேஜை விசிறி. இந்தப் பட்டியலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சூடாகும் சாதனங்களுக்கு, எழுந்து போய் அணைக்கும் பழைய வழக்கமே பத்திரம்.